ஆழத்தில் பாஸ் மீன் பிடிக்கப் பழகுதல்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரையோரத்து நாணலிலும் பாசியிலும் பாஸ் பிடித்துப் பழகியவர்களுக்கு, ஆழமான இடத்துக்கு வந்ததும் கை ஓடாது. குறிவைத்து வீச ஒரு மரக்கிளைகூடக் கண்ணில் படாது, எங்கும் தண்ணீர்தான். நானும் அப்படித் திகைத்து நின்றவன்தான். ஒரு கோடை முழுக்க ஆழத்தில் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான், நான் தேட வேண்டியது மீனை அல்ல, தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையை என்று புரிந்தது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

பாஸ் என்று நீங்கள் சொல்வது கொடுவா மீனையா?

இல்லை. கொடுவாவுக்கு ஆங்கிலத்தில் சீ பாஸ் என்று பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. இங்கே பேசுவது லார்ஜ்மௌத், ஸ்மால்மௌத், ஸ்பாட்டட் என்ற மூன்று நன்னீர் பாஸ் மீன்களைப் பற்றி. வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஜப்பான், தென்னாப்பிரிக்கா உட்படப் பல நாடுகளுக்குக் கொண்டுபோய் விடப்பட்டவை. லார்ஜ்மௌத்துக்குச் செடிகொடி பிடிக்கும், ஸ்மால்மௌத்துக்குக் கல்லும் தெளிந்த நீரும் பிடிக்கும். ஆனால் நேரம் வந்தால் மூன்றுமே ஆழத்துக்குப் போகும்.

எத்தனை அடிக்குக் கீழே போனால் ஆழம் என்று சொல்வது?

பாஸ் பிடிப்பவர்கள் பேச்சில் 15 அடி தாண்டினாலே ஆழம்தான். புதியவர்கள் 15 முதல் 25 அடி வரை பழகினால் போதும். அதற்கும் கீழே லூர், அதாவது செயற்கை இரை, தரையைத் தொடுவதை உணர்வதே கஷ்டம், பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவதும் கஷ்டம். இரண்டாவது காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று, ஆழம் என்பது நீரின் தெளிவைப் பொறுத்தும் மாறும். கலங்கல் நீரில் 10 அடியிலேயே இருட்டிவிடும், பாஸ் அங்கேயே நின்றுவிடும். கண்ணாடி மாதிரித் தெளிந்த ஏரியில் அதே பாஸ் 30 அடியில் இருக்கலாம்.

கரையோரமே மீன் கிடைக்கிறதே, எதற்கு ஆழம்?

வசந்த காலத்தில் ஆழத்துக்குப் போக வேண்டியதே இல்லை. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டி 20 டிகிரியை நெருங்கும் அந்த வாரங்களில் பாஸ் முட்டையிடக் கரைக்கு வரும். அப்போது ஆழத்தில் போய் உட்கார்ந்தால் நேரம்தான் வீண்.

முட்டையிட்டு முடித்ததும் பெரிய மீன்களில் பல படிப்படியாக ஆழத்தை நோக்கி நகரும். கோடையில் அங்கே கூட்டமாக நிற்கும். இலையுதிர் காலத்தில் சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு கிளை ஓடைகளுக்குள் புகுந்துவிடும். குளிர்காலத்தில் மறுபடியும் ஆழம், அதுவும் செங்குத்தாக இறங்கும் இடங்களின் அருகே. அதாவது ஆழத்தில் பிடிக்கக் கற்றவருக்குக் கோடையும் குளிர்காலமும் கையில் வருகின்றன. கற்காதவர் அந்த மாதங்களில் கரையில் மிஞ்சியிருக்கும் மீன்களைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அப்படியானால் கோடையில் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லதா?

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். கோடையில் ஏரி நீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். சூடான நீர் இலேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது, கீழே படிந்துவிடும். நடுவில், சில அடி இறங்குவதற்குள் குளிர் சட்டென்று ஏறும் ஒரு படலம் இருக்கும். அதற்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். அதற்குக் கீழே இருக்கும் நீர் மேற்பரப்புக் காற்றோடு கலப்பதில்லை. அடியில் மக்கும் பொருள்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். கோடை முற்ற முற்ற, வளமான பல ஏரிகளில் அந்த அடி நீரில் மீன் வாழ முடியாத நிலை வந்துவிடும்.

ஆகவே தெர்மோக்ளைன் 22 அடியில் இருக்கும் ஏரியில் 35 அடியில் லூர் போட்டுக் காத்திருப்பது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல. அந்தப் படலத்துக்குச் சற்று மேலே தரை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கே மட்டும் தேடுங்கள். ஏரியின் பெரும்பகுதி இந்த ஒரே கணக்கில் கழிந்துவிடும். மீன் காட்டும் சோனார் கருவி இருந்தால் அதன் உணர்திறனைக் கூட்டிப் பாருங்கள். தெர்மோக்ளைன் ஒரு மங்கலான பட்டையாகக் குறுக்கே ஓடுவது தெரியும்.

நீரோட்டம் வலுவாக உள்ள நீர்த்தேக்கங்களில் தண்ணீர் கலந்துகொண்டே இருப்பதால் இந்த அடுக்கு சரியாக அமையாமல் போகலாம். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

சரி, அந்த ஆழத்தில் எங்கே தேடுவது?

தரையின் உருவம் மாறும் இடத்தில். சமதளமாக ஓடும் தரை திடீரென்று இறங்கும் விளிம்பு, கரையிலிருந்து நீருக்குள் நீளும் மேட்டு முனை, நடு ஏரியில் மூழ்கிக் கிடக்கும் திட்டு, அணை கட்டுவதற்கு முன் ஆறு ஓடிய பழைய தடம், அந்தத் தடத்தின் வளைவு: பாஸ் இவற்றை ஒட்டித்தான் நிற்கும், இவற்றின் வழியாகத்தான் நடமாடும்.

இதை முறையாகச் சொல்லிக்கொடுத்தவர் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெர்ரி. ஸ்பூன்பிளக் என்ற உலோக லூரைச் செய்து, அதைப் படகில் இழுத்துச் சென்று, வெவ்வேறு ஆழங்களில் தரையைத் தொட்டுத் தொட்டு மீன் தேடினார். பாஸின் வீடு ஆழம்தான், கரைக்கு அது வந்துபோகும் விருந்தாளி என்பது அவர் பாடத்தின் சாரம்.

ஆழ வரைபடம் கிடைத்தால் வீட்டிலேயே பாதி வேலை முடியும். ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். நெருக்கமும் விலகலும் சந்திக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பத்து வட்டம் போட்டால் எட்டில் ஒன்றும் இருக்காது, மனம் தளர வேண்டாம். அதே விளிம்பில் கூடுதலாக ஏதாவது ஒன்று இருக்கும் இடம்தான் மீன் நிற்கும் இடம்: ஒரு பாறைக் குவியல், ஒரு மரக்கட்டை, சிப்பி படுகை, சேறு முடிந்து சரளைக்கல் தொடங்கும் எல்லை.

சோனார் இல்லாமல் முடியாதா?

முடியும். பக் பெர்ரி 1940களில் தொடங்கியபோது மீன்பிடிப்பவர்கள் கையில் சோனார் இல்லை. தரையை லூரின் வழியாகவே படித்தார்.

இருந்தால் வசதிதான். ஆனால் திரையில் மீன் தெரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். தரையின் கோடு தடித்துப் பளிச்சென்று இருந்தால் கெட்டித் தரை. மங்கி இருந்தால் சேறு. கெட்டித் தரையில், காட்டும் ஆழத்தைப்போல் இரு மடங்கில் இன்னொரு கோடு எதிரொலியாகத் தெரியும். இன்னொரு விஷயம்: கருவியின் ஒலி கூம்பு வடிவில் விரிந்து இறங்கும், அந்தக் கூம்பு 20 டிகிரி உள்ள கருவி, 20 அடி ஆழத்தில் ஏறக்குறைய 7 அடி அகல வட்டத்தை மட்டுமே பார்க்கிறது. படகுக்குப் பத்தடி தள்ளி இருக்கும் மீன் கூட்டத்தை அது காட்டவே காட்டாது. திரை காலியாக இருப்பதால் ஏரியும் காலி என்று நினைத்துவிட வேண்டாம்.

தரையைக் கையால் எப்படிப் படிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தூண்டில் முள்ளே இல்லாமல் போங்கள். தூண்டில் நரம்பின் நுனியில் 20 கிராம் அளவில் ஒரு ஈயத்தை மட்டும் கட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுதை அதற்கென்றே ஒதுக்குங்கள். நீளமாக வீசுங்கள். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் எண்ணத் தொடங்குங்கள். நரம்பு தொய்ந்ததும் தரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆழம் தெரிந்த ஓர் இடத்தில் இதை நாலைந்து முறை செய்தால், உங்கள் ஈயம் ஓர் எண்ணிக்கைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பிடிபட்டுவிடும். அப்புறம் எந்த இடத்திலும் எண்ணியே ஆழம் சொல்லலாம்.

பிறகு தூண்டில் கோலைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்து ஈயத்தைத் தரையோடு நகர்த்துங்கள். நரம்பைச் சுற்றும் ரீலைச் சுற்றி இழுக்காதீர்கள், கோலால் இழுங்கள். கைக்கு வரும் சேதி அப்போதுதான் தெளிவாக இருக்கும். சேற்றில் ஈயம் புதைந்து, ஈரத்துணியை இழுப்பது போல மந்தமாக வரும். மணலில் வழுக்கிக்கொண்டு வரும். சரளையில் கரகரவென்று அதிரும். பெரிய பாறையில் டக்கென்று நிற்கும், பிறகு குதித்து விடுபடும். சிப்பியில் கூர்மையாகச் சிறு சிறு கீறலாகத் தெரியும். இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போய் மெல்ல விடுபட்டால் செடி.

நான் இப்படி மூன்று காலைகள் செய்தேன். பக்கத்தில் எல்லாரும் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது வெறும் ஈயத்தை இழுத்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. மூன்றாம் நாள், சேறும் சேறுமாக வந்துகொண்டிருந்த ஒரு சரிவில் 18 அடியில் திடீரென்று கரகரவென்றது. ஓர் அறை அளவுக்குத்தான் இருந்தது அந்தச் சரளைத் திட்டு. கரையில் இருந்த ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் தெரிந்த தனி மரத்தையும் ஒரே கோட்டில் வைத்து அடையாளம் குறித்துக்கொண்டேன். வேறு திசையில் இன்னொரு கோடு. அடுத்த வாரம் முள்ளோடு போனேன். ஆழத்தில் நான் பிடித்த முதல் ஐந்து பாஸும் அந்தத் திட்டிலிருந்து வந்தவை.

படகு இல்லாதவர்கள் என்ன செய்வது?

ஆழம் கரைக்கு நெருங்கி வரும் இடம் எந்த ஏரியிலும் ஓரிரண்டாவது இருக்கும். செங்குத்தான பாறைக் கரை, பழைய ஆற்றுத் தடம் கரையை உரசிப்போகும் வளைவு, நீருக்குள் நீளும் முனையின் நுனி. கரையின் சரிவைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே எப்படி இறங்குகிறதோ, பெரும்பாலும் கீழேயும் அப்படியே தொடரும்.

முதலில் எந்த லூர் வாங்கலாம்?

கரோலைனா ரிக் என்ற கோப்பில் தொடங்குங்கள். நரம்பில் ஒரு ஓட்டை ஈயம், 15 முதல் 25 கிராம். அதன் பின் ஒரு மணி. பிறகு ஒரு ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு. அதிலிருந்து இரண்டு மூன்று அடி நீளத்தில் தனி நரம்பு. நுனியில் முள்ளும் பிளாஸ்டிக் புழுவும். முன்னே சொன்ன ஈயப் பயிற்சி இதில் அப்படியே கைகொடுக்கும்: ஈயம் தரையைப் படித்துக்கொண்டே வர, புழு பின்னால் சும்மா அலைந்துகொண்டே வரும்.

இடம் தெரிந்த பிறகு டிராப் ஷாட். ஈயம் அடியில் தொங்கும், முள் அதற்கு ஓர் அடி மேலே. ஜப்பானில் உருவாகி மற்ற நாடுகளுக்குப் பரவிய முறை இது. படகுக்கு நேர் கீழே இறக்கி, ஈயத்தைத் தரையில் நிறுத்தி, நரம்பை இலேசாக நடுங்க விட்டால் போதும். புதியவர்கள் செய்யும் ஒரே பிழை அதிகமாக ஆட்டுவது. கையில் இருக்கும் சாதாரண நடுக்கமே புழுவுக்கு உயிர் கொடுத்துவிடும்.

ஆழமாக முங்கும் கிராங்க்பெய்ட், முன்னால் பெரிய தகடு நீட்டிக்கொண்டிருக்கும் லூர், பெரிய பரப்பை வேகமாகத் தேட உதவும். ஆனால் அது தரையை இடிக்க வேண்டும். இடித்துத் திசைமாறும் அந்தக் கணத்தில்தான் பாஸ் பாயும். 15 அடியில் இருக்கும் தரைக்கு, 18 அடி முங்கும் லூர் வேண்டும். அதுவும் வீசின உடனே அந்த ஆழத்துக்குப் போகாது. முங்கி இறங்கவே கொஞ்ச தூரம் எடுக்கும். அதனால் மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி வீசுங்கள், ஒல்லியான நரம்பில் வீசுங்கள். நாள் முழுக்க இதைச் சுற்றினால் தோள் வலிக்கும். வேகம் குறைந்த, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து முறை சுழலும் ரீல் இருந்தால் இழுப்பது இலகு.

ஃபுட்பால் ஜிக், உலோக ஸ்பூன் போன்ற மற்ற லூர்கள் எல்லாம் நல்லவைதான், அடுத்த வருடம் பார்க்கலாம். ஐந்து லூரை மாற்றி மாற்றிப் போடுபவரைவிட ஒரே லூரோடு ஐந்து இடம் மாறுபவர் சீக்கிரம் கற்றுக்கொள்வார்.

நரம்பும் கோலும்?

ஃப்ளோரோகார்பன் நரம்பு நீரில் மூழ்கும், கல் உரசலையும் ஓரளவு தாங்கும். ஆழத்துக்கு அதுவே பொருத்தம். 10 முதல் 15 பவுண்டு தாங்கும் நரம்பு போதும். பின்னல் நரம்பு நீளாது, சேதி கையில் பளிச்சென்று வரும், ஆனால் மிதக்கும், கல்லில் உரசினால் அறுந்துவிடும். அதனால் டிராப் ஷாட்டுக்கு ரீலில் பின்னல், நுனியில் சில அடி ஃப்ளோரோகார்பன் என்று முடிச்சுப் போட்டுக்கொள்வது வழக்கம். சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நன்றாக நீளும். 20 அடிக்குக் கீழே அது மீனின் கடியைப் பாதி விழுங்கிவிடும்.

கோல் ஏழடி இருந்தால் நல்லது. நீண்ட கோல் தொய்வை ஒரே இழுப்பில் எடுத்துவிடும்.

மீன் கடித்தால் எப்படித் தெரியும்?

கரையோரத்தில் போல வெடுக்கென்று இழுக்கும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஆழத்தில் கடி பெரும்பாலும் ஒரு மாற்றம் மட்டுமே. இருந்த கனம் சட்டென்று காணாமல் போகும். அல்லது, இல்லாத கனம் ஒன்று ரப்பர் மாதிரி மெத்தென்று வந்து தொங்கும். ஈயம் தரைக்குப் போக வேண்டிய எண்ணிக்கைக்கு முன்பே நின்றுவிடும். நரம்பு பக்கவாட்டில் மெல்ல நகரும். இவற்றில் எது நடந்தாலும் மீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தரையின் மொழி கைக்குப் பழகிவிட்டால், தரை அல்லாத ஒன்று வந்தால் உடனே தெரியும். முள்ளில்லாத அந்தக் காலைகளின் பலன் இங்கேதான் வரும்.

கடித்ததும் ஓங்கிச் சுண்ட வேண்டுமா?

கரோலைனா ரிக்கில், தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டுக் கோலைப் பக்கவாட்டில் நீளமாக வீசி இழுங்கள். மேல்நோக்கிச் சுண்டினால் நரம்பின் தொய்வுதான் எழும், முள் பதியாது. டிராப் ஷாட்டில் சுண்டவே வேண்டாம். முள் சின்னது, கூரானது. ரீலைச் சுற்றிக்கொண்டே கோலை உயர்த்தினால் தானாகப் பதிந்துவிடும். கிராங்க்பெய்டிலும் அப்படித்தான், சுற்றுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

லூர் அடிக்கடி மாட்டிக்கொள்கிறதே?

மாட்டினால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். பலமாக இழுக்காதீர்கள், இன்னும் ஆழமாகச் செருகும். நரம்பைத் தளர்த்தி, கோல் நுனியால் படபடவென்று ஆட்டுங்கள். வராவிட்டால் எதிர்ப்பக்கம் போய் அங்கிருந்து இழுங்கள்.

ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது?

மீன் படாதவரை பத்துப் பதினைந்து நிமிடம், வெவ்வேறு கோணங்களில் வீசிப் பார்த்துவிட்டு நகருங்கள். கோணம் முக்கியம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுத்தபோது தொடாத மீன், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இழுத்தால் கவ்வும்.

ஒரு மீன் பட்டுவிட்டால் எல்லாம் மாறிவிடும். ஆழத்து பாஸ் கூட்டமாக நிற்கும். முதல் மீனை எடுத்த கையோடு, முள்ளைக் கழற்றும் முன்பே அந்த இடத்தைக் குறியுங்கள்: மிதவை போடுங்கள், அல்லது கரையில் இரண்டு கோடு பிடியுங்கள். உடனே அதே கோணத்தில் மறுபடி வீசுங்கள். பத்தடி தள்ளி வீசினால்கூட ஒன்றுமே கிடைக்காமல் போகும். அணையில் தண்ணீர் திறந்து நீரோட்டம் ஓடும் நேரம் என்றால் காத்திருந்தாவது அந்த இடத்தைப் பாருங்கள். ஓட்டம் தொடங்கியதும் தூங்கிக் கிடந்த கூட்டம் விளிம்பில் வரிசையாக வந்து நின்று தின்னத் தொடங்கும்.

ஆழத்தில் பிடித்த மீனை விட்டால் மல்லாந்து மிதக்கிறது. ஏன்?

பாஸின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. அதில் இருக்கும் வாயுவை வாய் வழியே சட்டென்று வெளியேற்ற பாஸால் முடியாது. இரத்தத்தின் வழியாக மெல்லத்தான் குறைக்க முடியும். 33 அடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து ஒரு நிமிடத்தில் மேலே இழுத்துவிட்டால் அந்த வாயு இரு மடங்காக விரியும். வயிறு உப்பும், கண் பிதுங்கும், வாய்க்குள் சதை புடைத்து வரும். கீழே போக முடியாமல் மிதந்தே சாகும். வெயிலும் சூடான நீரும் சாவை விரைவாக்கும்.

மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால், 30 அடிக்குக் கீழே இருக்கும் கூட்டத்தைத் தொடாமல் விடுங்கள் என்பது என் வேண்டுகோள். அதைவிட மேலே பிடித்தாலும் தாமதிக்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், பெரிய மீனுக்கு வயிற்றையும் தாங்குங்கள், படம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துவிட்டு மீனைத் தூக்குங்கள். உடனே விட்ட மீன் பெரும்பாலும் தானே உந்திக் கீழே போய்விடும். போக முடியாமல் மிதந்தால், கீழ்த்தாடையில் எளிதில் கழலும் கிளிப்போடு கனமான ஈயத்தை மாட்டி, நரம்பில் இறக்கி, ஆழத்தில் விடுவிக்கலாம். அழுத்தம் திரும்பியதும் வாயு சுருங்கிவிடும். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் முறையும் உண்டு. தெரிந்தவர் அருகில் இருந்து கற்றுக்கொடுக்காமல் அதைச் செய்ய வேண்டாம், வாய்க்குள் புடைத்திருப்பதை ஒருபோதும் குத்த வேண்டாம்.

பிடித்த பாஸை வேறு குளத்தில் விடலாமா?

கூடாது. பாஸ் கண்ணில் பட்ட சின்ன மீனையெல்லாம் தின்னும். பழக்கமில்லாத நீரில் விட்டால் அங்கிருக்கும் மீன் இனங்கள் அழியக்கூடும். ஜப்பானில் 2005 முதல் பாஸை உயிரோடு எடுத்துச் செல்வதே சட்டப்படி குற்றம். சில இடங்களில் நேர்மாறாக, பிடித்த பாஸை அதே நீரில் திருப்பி விடுவதற்கே தடை உண்டு. போகும் நீர்நிலையின் விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

முதல் முறை எந்த நேரத்தில் போகலாம்?

காற்று இலேசாக இருக்கும் காலை. காற்று பலமாக வீசினால் நரம்பு வளைந்துவிடும், ஈயம் சொல்வது கைக்கு வராது. கரையோர பாஸுக்கு விடியற்காலை முக்கியம். ஆழத்து பாஸ் நல்ல வெயில் ஏறிய பிறகும் தின்னும், அதனால் அவசரமில்லை. படகில் ஏறியதுமே மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், இறங்கும்வரை கழற்றாதீர்கள். முள்ளை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஈயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.